விழ வைப்பதற்கு முன் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள்

கல்வியாண்டு தொடங்கி இரண்டு வாரம் ஆகாது, அதற்குள் மாவுக்கட்டோடு ஒரு மாணவர் வந்து நிற்பார். காரணம் எப்போதும் ஒன்றுதான்: டிரஸ்ட் ஃபால், அதாவது பின்னால் நிற்பவர்கள் பிடிப்பார்கள் என்று நம்பி விழுகிற குழு விளையாட்டு. கண்ணை மூடிப் பின்னால் சாயச் சொல்லியிருப்பார்கள். பிடிக்க வேண்டியவர்கள் செல்ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்திருப்பார்கள். கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு போயிருக்கும். பின்மண்டை தப்பியது அதிர்ஷ்டம். ஏற்பாட்டாளரின் திறமை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

பயத்தை உதறிவிட்டு விழுந்தால் குழுவின் மேல் நம்பிக்கை வந்துவிடும் என்று ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. வராது. எதிரில் இருப்பவர் சொன்னதைச் செய்வதைப் பலமுறை பார்த்த பிறகு வருவதுதான் நம்பிக்கை. நேற்றுவரை பெயர்கூடத் தெரியாத நாலு பேர் மேல் கண்ணை மூடி விழுவது வெறும் அசட்டுத் துணிச்சல். "நான் விழ மாட்டேன்" என்று ஒதுங்கி நிற்கிற பெண்ணுக்கு டீம் ஸ்பிரிட் இல்லை என்று முத்திரை குத்துகிறோம். அந்தக் கூட்டத்திலேயே யோசிக்கிற ஆள் அவர் ஒருவர்தான். சுற்றி நின்று கைதட்டி, பெயர் சொல்லிக் கத்தி அவரை விழ வைத்துவிட்டால், தான் மறுத்தால் இந்தக் குழு கேட்காது என்பதைத்தான் அவர் கற்றுக்கொள்கிறார். நீங்கள் உண்டாக்க வந்ததற்கு நேர் எதிர்.

மறுப்பை மதிக்க வேண்டும் என்பது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. இப்படிப்பட்ட குழு விளையாட்டுகள் வழியே பயிற்சி தருவதற்காக 1971-இல் அமெரிக்காவில் தொடங்கிய புராஜெக்ட் அட்வென்ச்சர் அமைப்பில் கார்ல் ரோன்கி வகுத்த நெறியே, எந்த அளவுக்குப் பங்கேற்பது என்பதைப் பங்கேற்பவரே முடிவு செய்ய வேண்டும் என்பதுதான். நம்மவர்கள் அவர்களுடைய விளையாட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு நெறியை விட்டுவிட்டார்கள்.

சரி, செய்தே தீருவேன் என்றால் முதலில் பயிற்சி தர வேண்டியது பிடிப்பவருக்கு. இருவர் இருவராகத் தொடங்குங்கள். பிடிப்பவர் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து, முழங்காலைச் சற்று மடக்கி, இரு உள்ளங்கைகளையும் சாய்பவரின் தோள்பட்டை எலும்புக்கு நேராக நீட்ட வேண்டும். முதல் சுற்றில் கைக்கும் முதுகுக்கும் இடைவெளி ஒரு சாண். மூன்று முறை பிசகாமல் பிடித்த பிறகுதான் இரண்டாவது சாண். சாய்பவர் "தயாரா?" என்று கேட்க வேண்டும், "தயார்" என்ற பதில் காதில் விழாமல் சாயக்கூடாது. இந்தக் கேள்வி பதிலைச் சடங்கு என்று நினைத்துத் தாண்டிப் போகிற இடத்தில்தான் விபத்து.

சாய்பவர் கைகளை மார்பில் குறுக்காகக் கோர்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பயத்தில் முழங்கை தானாகப் பின்னால் வீசும். பிடிப்பவரின் மூக்குதான் அதற்கு இலக்கு. இடுப்பை மடக்கவும் கூடாது. உடல் பலகை போல் இருந்தால்தான் எடை பரவும்; மடங்கினால் மொத்த எடையும் ஒரே இடத்தில் இறங்கி, பிடிக்கிற கைகளுக்கு நடுவே நழுவிவிடும். கைக்கடிகாரம், மோதிரம், கண்ணாடி, சட்டைப் பையிலுள்ள பேனா எல்லாம் முன்பே கழன்றிருக்க வேண்டும். மேசை மேலிருந்தோ மேடையிலிருந்தோ விழுவது? வேண்டாம். அதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேறு.

கயிறு இழுக்கும் போட்டிக்கும் இரண்டு வார்த்தை. கையில் கயிற்றைச் சுற்றிக்கொள்ளாதீர்கள், இடுப்பில் கட்டாதீர்கள், முடிச்சோ வளையமோ போடாதீர்கள். கயிறு ஓடும்போது விட்டுவிட முடிகிற கைதான் பத்திரமான கை. நைலான் கயிறு கூடவே கூடாது: அது இழுவையில் நீண்டு, அறுந்தால் சாட்டையாகத் திரும்பும். 1997-இல் தைபேயில் 1,600 பேருக்கு மேல் இழுத்த நைலான் கயிறு அறுந்து, இரண்டு பேரின் கை துண்டாகியே போனது. சர்வதேசப் போட்டி விதிப்படி ஓர் அணிக்கு 8 பேர், கயிற்றின் சுற்றளவு 10 முதல் 12.5 செ.மீ. வகுப்பு மொத்தமும் ஒரே கயிற்றில் தொங்குவதை விளையாட்டு என்று எந்த விதியும் சொல்லவில்லை.

இத்தனை பாடும் இல்லாமல், ஒருவரையும் விழவைக்காமலேயே குழுவைப் பற்றிப் பேச வைக்கிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. இரண்டரை மீட்டர் நீளமுள்ள, மிக லேசான குச்சி ஒன்று. 8 முதல் 12 பேர். எதிரெதிராக இரண்டு வரிசை. எல்லாரும் ஆள்காட்டி விரலை மார்பளவில் நீட்ட, அதன் மேல் குச்சியை வையுங்கள். ஒரே விதி: யார் விரலும் குச்சியை விட்டு விலகக்கூடாது. வேலை: குச்சியைத் தரைக்கு இறக்குவது.

குச்சி மேலே போகும். விரல் விலகிவிடுமோ என்று ஒவ்வொருவரும் துளி மேலே அழுத்துவார்கள். பத்துத் துளி சேர்ந்தால் குச்சியின் எடையைவிட அதிகம். அரை நிமிடத்தில் "நீதான்டா தூக்குறே" என்று பழி சுமத்தல் தொடங்கும். அதுதான் உங்கள் பாடப்பொருள், அதை அடக்காதீர்கள். மூன்று நிமிடத்தில் நிறுத்தி உட்கார வையுங்கள். யாருமே தூக்க நினைக்காதபோது ஏன் ஏறியது? முதலில் யாரைக் குறை சொன்னீர்கள், ஏன் அவரை? புராஜெக்ட் வேலையில் இது எங்கே நடக்கிறது? விளையாட்டு பத்து நிமிடம் என்றால் பேச்சுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். நேரமில்லை என்று வெட்டுவதானால் விளையாட்டை வெட்டுங்கள், பேச்சை அல்ல. பிறகு இரண்டாவது முயற்சி. ஒருவர் மட்டும் எண்ணிக்கை சொல்ல, மற்றவர்கள் முட்டியை மடக்கி மெதுவாக இறங்கினால் குச்சி தரையைத் தொடும்.

தொடுவதில் தயக்கம் உள்ளவர்களும் இதில் சேரலாம். குனிய முடியாதவருக்கு எண்ணிக்கை சொல்லும் பொறுப்பைக் கொடுங்கள். குச்சியை மட்டும் முந்தின நாளே சோதித்துவிடுங்கள். மூங்கில் கழி மாதிரி கனமானது என்றால் அது தானாகவே இறங்கிவிடும், பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.