எதிரே இருப்பவர் மேலே போய் என்ன சொல்வார்?

சென்னையில் மென்பொருள் நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். நேர்காணலில் எல்லாச் சுற்றுகளிலும் தெளிவாகப் பேசியவர்களுக்குக்கூட, "சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்றதும் குரல் இறங்கிவிடுகிறது. "உங்கள் நிறுவன விதிப்படி கொடுங்கள்" என்கிறார் ஒருவர். இன்னொருவர் வீட்டுக்கடன், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், அம்மாவின் மருத்துவச் செலவு என்று அடுக்குகிறார். முதல் பதில் எங்களுக்கு வசதியானது. இரண்டாவதைக் கேட்டால் மனம் இளகும். ஆனால் அதை வைத்துக்கொண்டு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

ஏன் முடியாது என்று தெரிந்துகொண்டால் பேரம் பேசுவதில் பாதி புரிந்துவிடும். எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதவள அலுவலர் பெரும்பாலும் சம்பளத்தை முடிவு செய்பவர் அல்லர். ஓரளவு பெரிய நிறுவனங்களில் ஒவ்வொரு கிரேடுக்கும் கீழெல்லை, மேலெல்லை உண்டு. மேலெல்லையை நெருங்க நெருங்கத் துறைத் தலைவர் ஒப்புதல் தர வேண்டும், நிதிப் பிரிவு கேள்வி கேட்கும். "இதே கிரேடில் நான்கு வருடமாக இருப்பவர் குறைவாக வாங்குகிறாரே, இவருக்கு மட்டும் எதற்கு?" அலுவலர் அதற்கு இரண்டு வரியில் பதில் எழுதி அனுப்ப வேண்டும். "வீட்டுக்கடன் இருக்கிறதாம்" என்று எழுதினால் சிரிப்பார்கள். "நாம் தொடங்கப்போகும் தரவுத்தள மாற்றத்தை இவர் முந்தைய வேலையில் முழுதாகச் செய்து முடித்தவர், ஒரு மாதத்தில் சேர்ந்துவிடுவார்" என்று எழுதினால் கோப்பு நகரும்.

ஆக, எதிரே இருப்பவர் உங்களுடைய தூதுவர். அவரை வெல்ல வேண்டும் என்று இறங்குகிறவர்கள் அவரையே எதிரியாக்கிக்கொண்டு போகிறார்கள். அவர் மேலே போய்ச் சொல்வதற்கு ஒரு நல்ல வாக்கியத்தைக் கொடுத்து அனுப்புகிறவர்களுக்குத்தான் காரியம் நடக்கிறது.

அந்த வாக்கியத்தில் சேரும் தேதி இருந்தால் அதற்குத் தனி மதிப்பு. மென்பொருள் துறையில் 90 நாள் நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் பழைய இடத்தில் வேலை செய்ய வேண்டிய காலம், சாதாரணம். வாடிக்கையாளருக்கு ஆள் தருவதாகச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் மேலாளருக்கு, இரண்டு மாதம் முன்னால் வருகிறவர் பணத்துக்குச் சமம். சீக்கிரம் சேர முடிகிறவர்களில் பலர் அதைப் பேச்சின் தொடக்கத்திலேயே இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏமஸ் ட்வெர்ஸ்கி, டானியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. ஒரு சக்கரத்தைச் சுழற்றி எண் காட்டிவிட்டு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரத்தில் 10 பார்த்தவர்களின் மதிப்பீடு 25 என்ற அளவில் இருந்தது. 65 பார்த்தவர்களுடையது 45. சம்பந்தமே இல்லாத எண்ணுக்கே இவ்வளவு இழுப்பு இருக்கிறது என்றால், சம்பளப் பேச்சில் முதலில் விழும் எண் என்ன செய்யும் என்று நினைத்துப்பாருங்கள். "10 முதல் 13 லட்சம்" என்று சொன்னால் எங்கள் காதில் 10 மட்டும்தான் விழும். ஒரே எண்ணைச் சொல்லுங்கள், உடனே காரணத்தைச் சொல்லுங்கள், பிறகு பேசாமல் இருங்கள். கடைசியாகச் சொன்னதுதான் கடினம். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் தாங்களே தொகையைக் குறைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

அந்த ஒற்றை எண் எதைக் குறிக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 12 லட்சம் சிடிசி (நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு) என்றதும் மாதம் ஒரு லட்சம் என்று மனம் கணக்குப் போட்டுவிடும். அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, அதாவது 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பி.எஃப். கட்டும் நிறுவனமானால் அதன் பங்கு 12 சதவீதம், 72,000 ரூபாய். பணிக்கொடைக்கென்று (கிராஜுவிட்டி) அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், ஏறக்குறைய 28,900. செயல்திறன் ஊக்கத்தொகை மொத்தத்தில் 10 சதவீதம் என்றால் 1,20,000. இவையெல்லாம் போக மாதத்துக்கு நிற்பது சுமார் 81,600. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 6,000 கழிந்தால் 75,600. தொழில் வரியும் வருமான வரியும் இதற்கு அப்பால். பணிக்கொடையோ, நிரந்தரப் பணியாளருக்குப் பொதுவாக ஐந்தாண்டு முடிந்தால்தான் கைக்கு வரும்.

ஆகவே, "இன்னும் ஒரு லட்சம் கூட்டித் தாருங்கள்" என்பதைவிட "ஊக்கத்தொகையில் பாதியை நிலையான சம்பளத்தில் சேர்க்க முடியுமா?" என்ற கேள்விக்குச் சில சமயம் எளிதாக ஆம் கிடைக்கிறது. மொத்தம் மாறவில்லை என்பதால் தூதுவருக்கும் மேலே சொல்வது சுலபம். போன ஆண்டு ஊக்கத்தொகையில் எவ்வளவு உண்மையில் கொடுத்தார்கள் என்றும் தயங்காமல் கேளுங்கள்.

கல்லூரி வளாகத் தேர்வில் நூற்றுக்கணக்கில் எடுக்கும்போது சம்பளத்தில் பேரத்துக்கு இடமில்லை. அங்கே சக்தியை வீணாக்காமல் எந்த ஊர், எப்போது சேர வேண்டும், இத்தனை காலம் விலக மாட்டேன் என்ற பாண்டில் கையெழுத்து உண்டா என்பதைக் கேளுங்கள். இன்னொன்று, கைவசம் இல்லாத ஆஃபர் லெட்டரைத் தயாரித்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் துறையில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வோம் என்பதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

அலுவலகத்துக்கு வெளியிலும் முடிவெடுப்பவர் பல நேரம் அந்த அறையில் இருப்பதில்லை. வாடகைக்கு வீடு பார்க்கும்போது பெரியவர் எல்லாம் காட்டிவிட்டு, "அமெரிக்காவில் இருக்கும் பையனைக் கேட்டுச் சொல்கிறேன்" என்பார். வேறு உடன்பாடு இல்லையென்றால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பது 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம். பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் சென்னையை விட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை. சட்டத்தைப் பெரியவர் முன்னால் நீட்டினால் வீடு வேறு யாருக்காவது போய்விடும். அதற்குப் பதிலாக, யார் யார் குடியிருக்கப்போகிறோம், எங்கே வேலை, வாடகை எந்தத் தேதியில் வங்கிக் கணக்குக்கு வரும், பழைய வீட்டுக்காரரின் எண், நான்கு மாத அட்வான்ஸ் தர முடியும் என்பதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாக எழுதிப் பெரியவருக்கு அனுப்புங்கள். அவர் அதை அப்படியே மகனுக்கு அனுப்பிவிடுவார். அவராகச் சொன்னால் "யாரோ குறைத்துக் கேட்கிறார்கள்" என்று முடிந்துபோயிருக்கும்.

வீட்டுக்குள்ளும் அப்படியே. புனேயில் வேலை கிடைத்த பெண்ணை அனுப்பத் தயங்கும் அப்பாவுக்குப் பயம் புனேயைப் பற்றி மட்டும் இல்லை. நாளைக்குப் பெரியப்பா போன் செய்து, "பெண்ணைத் தனியாக அனுப்பிவிட்டாயாமே?" என்று கேட்டால் என்ன சொல்வது என்பதும்தான். "எனக்கு உரிமை இல்லையா?" என்ற மகளின் கேள்வி நியாயமானது. ஆனால் பெரியப்பாவிடம் சொல்வதற்கு அதில் அப்பாவுக்கு ஒன்றும் கிடைக்காது. விடுதியின் பெயர், இரவுப் பணிக்கு நிறுவனத்தின் வண்டி, அதே அலுவலகத்தில் வேலை செய்யும் நம் ஊர்ப் பெண் ஒருத்தியின் எண் ஆகியவை கையில் இருந்தால் அப்பாவே பெரியப்பாவிடம் வாதாடுவார்.

பழகிக்கொள்ள விரும்புகிறவர்கள் எந்தப் பேச்சுக்கு முன்னாலும் ஒரு தாளில் எழுதிப்பாருங்கள். இதை உண்மையில் முடிவு செய்பவர் யார்? அவர் என்ன ஆட்சேபம் சொல்வார்? அதற்கு எதிரே இருப்பவர் என்ன பதில் சொல்ல முடியும்? தெரியாவிட்டால் நேரே கேட்டுவிடலாம். "இதற்கு யாருடைய ஒப்புதல் வேண்டும், அவர்கள் என்ன எதிர்பார்ப்பார்கள்?" என்று கேட்ட யார் மீதும் நான் கோபப்பட்டதில்லை. பலமுறை நாங்கள் சேர்ந்தே அந்தக் குறிப்பை எழுதியிருக்கிறோம்.

பேசி முடித்ததையெல்லாம் அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "ஆறு மாதத்தில் சம்பளத்தைத் திரும்பப் பார்க்கிறோம்" என்று வாயால் சொன்ன அலுவலர் ஆறு மாதத்தில் வேறு நிறுவனத்தில் இருக்கலாம், எங்கள் பிரிவில் அது சகஜம். ஆஃபர் லெட்டரில் கையெழுத்தாகும் வரை இப்போதைய வேலையில் ராஜினாமா கடிதம் கொடுக்க வேண்டாம்.