புது கிம்பலோடு முதல் முகூர்த்தத்துக்குப் போகிறவர்களுக்கு

கல்யாண வீடியோ வேலைக்கு வரும் தம்பிகள் கேமராவுக்கு அடுத்தபடியாக வாங்குவது இப்போதெல்லாம் கிம்பல்தான், அதாவது கேமராவை மோட்டார் வைத்து ஆடாமல் பிடித்துத் தரும் கருவி. கேமராவின் தவணையே முடிந்திருக்காது. கூரியரில் பெட்டி வந்த மறுநாள் ரிசப்ஷன் இருக்கும், அதற்கடுத்த நாள் முகூர்த்தம். அங்கேயே பிரித்து, அங்கேயே மாட்டி, அங்கேயே எடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். காட்சி சரியாக வராமல் போவதைக்கூட எடிட்டிங்கில் ஓரளவு சமாளிக்கலாம். மணிக்கட்டும் முதுகும் கெட்டுப்போனால் அதைச் சமாளிக்க வழியில்லை. மதுரைப் பக்கத்து மண்டபங்களில் புதிதாக வருகிறவர்களோடு நின்று வேலை செய்கிறேன். அங்கே திரும்பத் திரும்பப் பார்ப்பதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்துகொண்டே ஆடாத காட்சி எடுக்கும் கருவி என்றால் முன்பெல்லாம் ஸ்டெடிகேம்தான். அமெரிக்காவைச் சேர்ந்த காரெட் பிரவுன் 1970களில் அதை உருவாக்கினார். 1976இல் வந்த 'பவுண்ட் ஃபார் குளோரி' படத்தில் அவரே அதை அணிந்து எடுத்த ஒரு ஷாட் இன்றைக்கும் பேசப்படுகிறது. உயரத்தில் கிரேனில் இருந்தவர், கிரேன் கீழே வந்ததும் இறங்கி, அதே ஷாட்டில் கூட்டத்துக்குள் நடந்து போனார். 1978இல் அந்தக் கண்டுபிடிப்புக்கு ஆஸ்கர் அகாதமியின் விருதும் கிடைத்தது. இந்தத் தம்பிகளுக்கு நான் சொல்ல விரும்புவது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். கருவியைச் செய்தவரே பயிற்சி முகாம்கள் நடத்தி, அதை அணிந்து எப்படி நிற்பது, எப்படி நடப்பது, எப்படி நிறுத்துவது என்று ஆபரேட்டர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். முதலில் உடம்பைப் பழக்க வேண்டும், ஷாட் எல்லாம் அப்புறம் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

மோட்டார் கிம்பல் வந்த கதை வேறு. 2013இல் ஃப்ரீஃப்ளை நிறுவனத்தின் மோவி வந்தபோது அதன் விலை சினிமாக்காரர்களுக்கே யோசனை தந்தது. 2014இல் டிஜேஐ நிறுவனத்தின் ரோனின் கிம்பல் வந்தது, 2018இல் ஒற்றைக் கைப்பிடி ரோனின்-எஸ் வந்தது. அதோடு கருவி கல்யாண வீடியோக்காரர் கைக்கே வந்து சேர்ந்துவிட்டது. விலை இறங்கியது நல்லதுதான், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் பயிற்சி கூடவே வரவில்லை. பெட்டிக்குள் ஒரு சின்னக் கையேடு இருக்கிறது, மிச்சத்தை யூடியூப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம்.

அந்தக் கையேட்டைப் படித்தாலும் ஒரு விஷயம் புதியவர்களுக்குப் பிடிபடுவதில்லை. கிம்பலில் மூன்று மோட்டார்கள் இருக்கின்றன. ஒன்று கேமரா மேலும் கீழும் சாய்வதைத் திருத்துகிறது, இன்னொன்று பக்கவாட்டில் சரிவதைத் திருத்துகிறது, மூன்றாவது இடம் வலமாகத் திரும்புவதைத் திருத்துகிறது. டில்ட், ரோல், பேன். மூன்றுமே சுழற்சிகள். நாம் நடக்கும்போது உடம்பு மொத்தமும் ஏறி இறங்குகிறதே, அதைத் திருத்த அங்கே மோட்டார் கிடையாது. ஸ்டெடிகேமில் அந்த வேலையை ஸ்பிரிங் வைத்த கை செய்தது. சாதாரண கிம்பலில் அதை உங்கள் முழங்கால்தான் செய்ய வேண்டும். புதிதாக எடுத்த காட்சிகளில் மணமக்கள் படகில் வருவதுபோல ஏறி இறங்கித் தெரிவதற்குக் காரணம் இதுதான். "கிம்பல் சரியில்லை அண்ணே" என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பியவர்கள் உண்டு. கருவியில் ஒரு கோளாறும் இருக்காது.

சரி, எப்படி நடப்பது? முழங்காலைக் கொஞ்சம் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். குதிகால் முதலில் தரையில் படட்டும், அப்புறம் பாதம், கடைசியில் விரல். அடி சின்னதாக இருக்கட்டும். முழங்கை இரண்டும் விலாவை ஒட்டியிருக்க வேண்டும். திரும்பும்போது மணிக்கட்டைத் திருப்பாமல் இடுப்பிலிருந்து திரும்புங்கள். இதை மண்டபத்தில் பழக முடியாது. மொட்டை மாடியிலோ தெருவிலோ ஒரு நிலைக்கதவை ஃபிரேமின் நடுவில் வைத்து, அதை நோக்கி நடந்து எடுத்துப் பாருங்கள். கதவின் மேல்சட்டம் ஃபிரேமில் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பார்ப்பதும் வீட்டு டிவியில் பாருங்கள். கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே வழுக்கிக்கொண்டு போவதாகத்தான் தெரியும். குலுக்கல் பெரிய திரையில்தான் அகப்படும். 16 அல்லது 24 மில்லிமீட்டர் போன்ற அகல லென்ஸில் ஆரம்பியுங்கள். 85 மில்லிமீட்டர் லென்ஸில் நடந்து எடுப்பது பழகியவர்களுக்கே கடினம்.

ஸ்லோ மோஷனில் எடுத்தால் இந்த ஏற்ற இறக்கம் பாதிக்குமேல் மறைந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் ஸ்லோ மோஷனிலேயே எடுக்கும் பழக்கம் வந்துவிட்டது. அத்தை வந்து கன்னத்தைக் கிள்ளுவதும் தாத்தா விபூதி பூசுவதும் அதன் சொந்த வேகத்தில்தான் அழகு. நடை சரியாக வந்துவிட்டால் இந்த மறைப்பு தேவைப்படாது.

அடுத்தது பேலன்ஸ், அதாவது கேமராவின் எடை எந்தப் பக்கமும் இழுக்காதபடி கிம்பலில் வைப்பது. நான் பார்க்கும் பாதிக் கஷ்டத்துக்குக் காரணம் இதில் காட்டும் அவசரம். மோட்டார் தாங்கிப் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்து, தோராயமாக வைத்து ஆன் செய்துவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் பிடிக்கும். அப்புறம் உறுமும், ஃபிரேமில் பொடி நடுக்கம் வரும், மோட்டார் சூடாகும், பேட்டரி வேகமாக இறங்கும், ஒரு கட்டத்தில் கிம்பல் தானே தொய்ந்து நின்றுவிடும். மோட்டார் இருப்பது அசைவைத் திருத்தத்தான். எடையைச் சுமப்பது அதன் வேலை இல்லை. பவர் ஆஃப் செய்த நிலையிலேயே லென்ஸை நேராக வைத்தாலும், மேல்நோக்கி வைத்தாலும், கையை எடுத்த பிறகு வைத்த இடத்தில் நிற்க வேண்டும். முதலில் டில்ட், பிறகு ரோல், கடைசியில் பேன். பேனைச் சோதிக்க கைப்பிடியைச் சாய்த்துப் பிடியுங்கள், கிம்பலின் கை தானாகச் சுழன்று கீழே வரக்கூடாது. இவ்வளவும் நின்ற பிறகுதான் ஆட்டோ டியூன், அதாவது எடைக்கு ஏற்ப மோட்டாரின் விசையைக் கிம்பலே சரிசெய்துகொள்ள விடுவது.

பேலன்ஸ் செய்யும்போது கேமரா எடுக்கப்போகும் நிலையிலேயே இருக்கட்டும். லென்ஸ் மூடி கழன்றிருக்க வேண்டும், வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் மாட்டியிருக்க வேண்டும், மைக் வைப்பதாக இருந்தால் மைக்கும், பேட்டரியும் கார்டும் உள்ளே. 24-70 போன்ற லென்ஸ் ஜூம் செய்யும்போது முன்னால் நீளும், அப்போது எடை நகரும். எந்த நீளத்தில் அதிகம் எடுப்பீர்களோ அதில் வைத்து பேலன்ஸ் செய்யுங்கள். கழுத்துப்பட்டையை முழுக்கக் கழற்றிவிடுங்கள். தொங்கும் பட்டை காற்றில் ஆடும், கிம்பலின் கையில் சிக்கும். தடித்த கேபிளும் கேமராவை ஒரு பக்கம் இழுக்கும். கேமராவைத் தட்டில் ஏற்றியதும் பூட்டு விழுந்ததா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். கேமரா கீழே விழுந்த கதைகளில் நான் கேட்டவை பெரும்பாலும் இந்தப் பூட்டில்தான் ஆரம்பித்திருக்கின்றன.

கேமராவுக்குள்ளேயே ஆட்டம் குறைக்கும் வசதி இருக்கிறதல்லவா, அதையும் சோதித்துக்கொள்ளுங்கள். சில கேமராக்களில், அகல லென்ஸ் போட்டு நடக்கும்போது ஃபிரேமின் மூலைகள் மட்டும் நெளியும். அப்படித் தெரிந்தால் அதை அணைத்துவிட்டு எடுத்து ஒப்பிடுங்கள். ஒவ்வொரு கேமராவும் ஒவ்வொரு மாதிரி. மண்டபத்துக்குப் போய்ச் சோதிக்க நேரம் இருக்காது.

மண்டபத்தில் கவனிக்க வேண்டியவை தனி. மேடைக்குப் பக்கத்தில் வைக்கும் பெடஸ்டல் ஃபேன் காற்று நேராக கேமராவில் பட்டால் ஃபிரேம் நடுங்கும். அதை ஒரு கோணம் திருப்பி வைக்கச் சொன்னால் மண்டபத்துக்காரர்கள் செய்துகொடுப்பார்கள். ஏசி ஹாலிலிருந்து வெளி வெயிலுக்கு வந்ததும் அடிவானம் சாய்ந்தால், கருவியைச் சமதரையில் ஆடாமல் வைத்து மறுபடி காலிபிரேட் செய்யுங்கள், அதாவது எது சமம் என்பதைச் சென்சாருக்கு மறுபடி காட்டிக் கொடுங்கள். ப்ரீ-வெட்டிங் ஷூட்டுக்குக் கொடைக்கானல் போகிறவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிம்பலின் சென்சார் புவியீர்ப்பு இழுக்கும் திசையை வைத்துத்தான் எது கீழ் என்று முடிவு செய்கிறது. கார் வளைவில் நீளமாகத் திரும்பும்போது பக்கவாட்டு விசையும் சேர்ந்து அதைக் குழப்பிவிடும், அடிவானம் மெல்லச் சாயும். ஓடும் காரில் ஆன் செய்யாதீர்கள், நிறுத்திவிட்டு ஆன் செய்யுங்கள். ஜன்னலுக்கு வெளியே உடம்பை நீட்டி எடுப்பதும், பைக்கின் பின்னால் திரும்பி உட்கார்ந்து எடுப்பதும் வேண்டவே வேண்டாம். எந்த ஷாட்டுக்கும் அவ்வளவு விலை இல்லை.

பின்னால் நடந்து எடுப்பதுதான் மண்டபத்தில் இருப்பதிலேயே ஆபத்தான வேலை. மாப்பிள்ளை அழைப்பு, பொண்ணு மேடைக்கு வருவது இரண்டிலும் கேமராமேன் பின்பக்கமாக நடக்கிறார். கண் மானிட்டரில் இருக்கிறது. பின்னால் லைட் வயர், கோலத்தைச் சுற்றி வைத்த விளக்கு, மேடைப்படி, ஓடித் திரியும் குழந்தைகள். முதுகில் கை வைத்து வழிநடத்த ஓர் ஆள் இல்லாமல் இந்த ஷாட்டை எடுக்காதீர்கள். அந்த ஆள் லைட் பிடிக்கிறவராகவோ இன்னொரு கேமராவில் இருப்பவராகவோ இருக்கக்கூடாது. "படி, இடது, நில்லுங்க" என்று சொல்வது மட்டும்தான் அவருக்கு வேலை.

தாலி கட்டும் நேரத்தை கிம்பலை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். கெட்டிமேளம் கேட்டதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் எழுந்து மேடையைச் சூழ்வார்கள், யாரோ ஒருவர் கை கிம்பலில் இடிக்கும். இடித்த வேகத்தில் மோட்டார் நின்றால், மறுபடி நிமிர்வதற்குள் மூன்று முடிச்சும் முடிந்துவிடும். டிரைபாடில் ஒரு கேமரா தாலி தெரியும் கோணத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கிம்பலில் எடுப்பது அதற்கு மேல் கிடைக்கும் அழகு, அவ்வளவுதான். ஹோமத்துக்கு எதிரே அசையாத ஷாட் வேண்டுமானாலும் டிரைபாடையே எடுங்கள். கிம்பலைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஃபிரேம் மிதந்துகொண்டே இருக்கும்.

இனி உடம்பு. சோனி ஏ7 மார்க் 4 பேட்டரியோடு 658 கிராம். 24-70 ஜிஎம் லென்ஸின் இரண்டாம் பதிப்பு 695 கிராம். டிஜேஐ ஆர்எஸ் 3 கிம்பல் பேட்டரி, காலோடு சுமார் 1.3 கிலோ. கூட்டினால் 2.6 கிலோவுக்கு மேல். கேட்கச் சின்ன எண்ணாக இருக்கும். அதை உடம்பிலிருந்து தள்ளி, கையை நீட்டி, ரிசப்ஷன் முழுக்கப் பிடித்துப் பாருங்கள். இரவு பதினொரு மணிக்குப் பேக் செய்துவிட்டு விடியற்காலை நாலு மணிக்கு மறுபடி எடுங்கள். பெட்டியில் 3 கிலோ தாங்கும் என்று போட்டிருப்பது மோட்டாரின் கணக்கு, உங்கள் கையின் கணக்கு இல்லை. ஸ்டெடிகேமில் எடை உடம்பில் அணியும் வெஸ்ட் வழியாக இடுப்புக்குப் போகிறது. ஒற்றைக் கைப்பிடி கிம்பலில் அத்தனையும் மணிக்கட்டிலும் முன்கையிலும் தோளிலும் நிற்கிறது. அதோடு கட்டைவிரல் ஜாய்ஸ்டிக்கில் ஓயாமல் வேலை செய்கிறது.

கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டின் ஓரத்தில் வலி வந்து, தண்ணீர் பாட்டில் மூடியைத் திறப்பதே கஷ்டமானால் அதைச் சாதாரண அலுப்பு என்று விடாதீர்கள். டாக்டர்கள் டி குவெர்வைன் என்று சொல்லும் தசைநாண் உறை வீக்கம் அந்த இடத்தில்தான் வரும். ராத்திரி விரல்கள் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தால் அதுவும் காட்ட வேண்டிய அறிகுறி. நான் டாக்டர் இல்லை, அதனால் மருந்து எதுவும் சொல்லப்போவதில்லை. எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ சீக்கிரம் காட்டுங்கள், என்ன வேலை செய்கிறோம் என்பதைக் கருவியைக் கையில் பிடித்துக் காட்டியே விளக்குங்கள். தை மாசமும் வைகாசியும் தொடர்ந்து முகூர்த்தம் வரும். வலி மாத்திரை போட்டுக்கொண்டே ஓடி, சீசன் முடிந்த பிறகு கையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

எடுக்காத நேரத்தில் கிம்பலை அதன் காலில் நிறுத்தி வையுங்கள், கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். முடிந்தால் 24-70க்குப் பதிலாக ஜூம் இல்லாத ஒரு சின்ன பிரைம் லென்ஸ் போடுங்கள், கை உடனே வித்தியாசத்தைச் சொல்லும். இரண்டு கைகளால் பிடிக்கும் துணைக் கைப்பிடி வாங்குங்கள். தரையை ஒட்டிய ஷாட்டுக்கு முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி இறங்குங்கள்.

ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன்மார்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புது கிம்பல் வாங்கினால், அதைப் பிடிக்கப்போகிற பையனிடம் குறைந்தது ஒரு வாரம் முன்னாடியே கொடுங்கள். வாடகைக்கு எடுத்தாலும் முந்தைய நாளே எடுத்துக் கொடுங்கள். முதல் கல்யாணத்தில் அவனுக்கு டெக்கரேஷன் ஷாட், மண்டப நுழைவு, சாப்பாட்டுப் பந்தி ஆகியவற்றை மட்டும் கொடுத்துப் பாருங்கள். இரண்டு பேர் இருந்தால் கிம்பலை மாற்றி மாற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். பின்னால் நடக்கும்போது வழிகாட்ட ஓர் ஆளுக்கான சம்பளத்தையும், ரிசப்ஷனுக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் படுக்க ஓர் அறையையும் பேக்கேஜ் பேசும்போதே பார்ட்டியிடம் கேட்டு வாங்குங்கள். காரணத்தை எடுத்துச் சொன்னால் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் மறுப்பதில்லை.