முட்டியை இடிக்கும் பை

போன கார்த்திகையில் திருமங்கலத்திலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். ஆடியில் நான் கொக்கி ஊசியால் பின்னிக் கொடுத்த குரோஷா பையை மேசைமேல் வைத்தார். "பை நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா பஸ்ல ஏற காலத் தூக்குனா முட்டிய இடிக்குது. அன்னைக்கு படியில தடுக்கி விழப் பாத்தேன்" என்றார். கொடுக்கும்போது அந்த வார் 48 அங்குலம். டேப்பை வைத்துப் பார்த்தேன், 54. டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் விடைத்தாள் கட்டும் நாலு மாதமாக இழுத்ததில் ஆறு அங்குலம் கூடியிருந்தது. வார் ஆறு அங்குலம் நீண்டால் பை மூன்று அங்குலம் கீழே இறங்கும். படி ஏறும் முட்டிக்கு அந்த மூன்று அங்குலம் போதும்.

மதுரையில் 11 வருடமாகப் பை பின்னுகிறேன், பின்னவும் சொல்லித் தருகிறேன். என்னிடம் திரும்பி வரும் பைகளில் பாதிக்கு மேல் வாரால்தான் வருகின்றன. நூல் நிறமும் பூ வேலையும் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள்கூட வாரைப் பற்றி "சும்மா தோள்ல மாட்டுற மாதிரி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பையைச் சுமப்பது அந்த வார்தான்.

முதலில் இறக்கம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். வாரை நடுவில் பிடித்துத் தூக்கினால், பிடித்த இடத்துக்கும் பையின் வாய்க்கும் இடையே உள்ள உயரம்தான் இறக்கம். கையில் பிடிக்கிற சின்னப் பைக்கு 4 முதல் 6 அங்குலம், தோளில் மாட்டுவதற்கு 9 முதல் 12. வாரின் நீளத்தில் பாதிதான் இறக்கம் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். பை அகலமாக இருந்தால் வார் இரண்டு பக்கமும் விரிந்து நிற்கும். 12 அங்குல அகலப் பையின் இரு ஓரத்திலும் 22 அங்குல வாரைத் தைத்தால் இறக்கம் 11 வராது, 9 சொச்சம்தான் வரும். சேலை முந்தானையும் ரவிக்கைக் கையும் இருக்கிற இடத்தில் அது அக்குளைப் பிடிக்கும்.

குறுக்காகப் போடும் பைக்கு ஒரே வழி உடம்பில் அளப்பதுதான். டேப்பின் ஒரு முனையை இடுப்பில் பையின் வாய் வரவேண்டிய இடத்தில் வையுங்கள். எதிர்த் தோளைச் சுற்றி முதுகு வழியாக அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். சேலை கட்டுகிறவர் சேலையோடுதான் அளக்க வேண்டும், சுடிதாரில் அளந்து சேலைக்குப் போட்டால் மடிப்பு தின்றுவிடும். யூடியூபில் பார்த்துப் பின்னுகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தியப் பெண்களின் சராசரி உயரம் 5 அடியை ஒட்டியது, அமெரிக்காவில் அது 5 அடி 4 அங்குலத்தை ஒட்டியது. அவர்கள் சொல்லும் 52 அங்குலம் அவர்கள் இடுப்புக்கு. பிரிட்டிஷ் பேட்டர்ன் (பின்னல் குறிப்பு) என்றால் இன்னும் ஒரு சிக்கல்: அமெரிக்கர்களும் நாமும் சிங்கிள் என்கிற குட்டைக் கண்ணியைத்தான் பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்கிறார்கள். தெரியாமல் நம் டபுளைப் போட்டு வார் பின்னினால் கண்ணி உயரமாகி, தொளதொளவென்று இழுபடும்.

இழுபடுவதுதான் பெரிய விஷயம். குறுக்கே ஆறு கண்ணி போட்டு, திரும்பித் திரும்பி வரிசை ஏற்றுவது பலருடைய பழக்கம். அந்த வார் நிறைய நீளும். வாரின் முழு நீளத்துக்கும் சங்கிலிக் கண்ணி போட்டு, அதன்மேல் நீளவாக்கில் நாலைந்து வரிசை சிங்கிள் ஓட்டினால் இழுபாடு குறையும். ஊசியை ஒரு அளவு சின்னதாக எடுங்கள். இரு ஓரமும் அதே ஊசியால், உயரமில்லாத ஸ்லிப் கண்ணி ஓட்டுங்கள். பாரம் தூக்குகிற பை என்றால் நான் உள்பக்கம் பருத்தி நாடா வைத்துக் கையால் தைத்துவிடுகிறேன். அதன்பிறகு பாரத்தைத் தாங்குவது நாடா, குரோஷா அதற்கு மேல்சட்டை. டீச்சருடைய பைக்கு நாடா வைக்காதது என் தவறு. அவர் என்ன சுமப்பார் என்று நான் கேட்கவே இல்லை.

நீளவாக்கில் பின்னுவதில் ஒரு கஷ்டம் உண்டு. குறுக்கு வரிசை வாரை முனையிலிருந்து பிரித்துச் சுருக்கிவிடலாம், இதில் அது முடியாது. அதனால் வாரைப் பையின் வாயோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று அங்குலம் உள்ளே இறக்கித் தைக்கிறேன். பின்னால் கூட்டவோ குறைக்கவோ அங்கே இடம் இருக்கும்.

விற்பதற்கு முன் ஒரு ராத்திரி சோதனை செய்யுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் கிட்டத்தட்ட ஒரு கிலோ. அந்த மாதிரி இரண்டைப் பைக்குள் போட்டுக் கதவுக் கொண்டியில் மாட்டுங்கள். காலையில் அளந்து, கூடியதைக் கழித்துக்கொண்டு வாரை நிரந்தரமாகத் தையுங்கள். பருத்தி நூலைத் துவைத்துக் காயவைத்த பிறகு அளப்பது இன்னும் நல்லது. துவைத்த ஈரப்பையை வாரில் தொங்கவிடாதீர்கள், தண்ணீர் கனமே இழுத்துவிடும். விரித்த துண்டின்மேல் கிடத்திக் காயவையுங்கள்.

வண்டியில் போகிறவர்களுக்கு நான் நீள வார் போடுவதே இல்லை. பின்சீட்டில் ஒருபக்கமாக உட்காருகிற நம் பெண்களின் சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமலிருக்கத்தான் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்கின்றன. அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுகிற வண்டிகளைத் தினம் பார்க்கிறோம். அப்படி ஒரு வண்டியில் தொங்குகிற குரோஷா வாரும், அதன் முனையில் ஆடுகிற குஞ்சமும் துப்பட்டாவைப் போலத்தான். குஞ்சம் கேட்டால் பையின் முகத்தில் வைத்துத் தருகிறேன், வார் முனையில் வைப்பதில்லை. உட்கார்ந்ததும் பையை மடிக்கு இழுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

குழந்தைகளுக்குக் காதுகுத்து, பிறந்தநாள் என்று குட்டிப் பை கேட்பார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கழுத்தைச் சுற்றிப் போட்ட வாரோடு சறுக்குமரத்தில் ஏறினால், அது எங்காவது மாட்டிக் கழுத்தை இறுக்கும். ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்குக் கைப்பிடி மட்டும் வைக்கிறேன். வார் கட்டாயம் வேண்டும் என்றால் ஒரு முனையைத் தைக்காமல் டிச் பட்டனில் மாட்டுகிறேன், இழுத்தால் கழன்றுவிட வேண்டும். கழலுகிறதா என்று அம்மா முன்னாலேயே இழுத்துக் காட்டுகிறேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு வாங்குகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வைகைக் கரையில் நிற்கிறவருக்கு இடுப்பில் தொங்கும் பை பாதுகாப்பில்லை. வாரைச் சுருக்கி, பை வயிற்றுக்கு நேராக முன்னால் வரவேண்டும், ஒரு கை எப்போதும் அதன்மேல் இருக்கும்படி. அகலம் ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறைய விடுவதில்லை, மெல்லிய வார் விடிய விடிய நிற்கும்போது தோளை அறுக்கும்.

இப்போது ஆர்டர் எடுக்கும்போது நூல் நிறத்துக்கு முன்னால் கேட்பது: என்ன வைப்பீர்கள், எதில் போவீர்கள், உங்கள் உயரம் என்ன. போனில் கேட்பவர்களை ஒரு கயிற்றைத் தோளில் போட்டுப் பார்த்து, அந்தக் கயிற்றை அளந்து சொல்லச் சொல்கிறேன்.

டீச்சரின் பையை அன்றே பிரித்தேன். பக்கத்துக்கு நாலு அங்குலமாக வாரைப் பைக்குள் இறக்கி, நாடா வைத்துத் தைத்து, 46க்குக் கொண்டுவந்தேன். விடைத்தாள் கட்டை உள்ளே வைத்து மாட்டிக்கொண்டு, எங்கள் வீட்டு மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.