தாத்தா படத்துக் கண்ணாடியில் ரேடான்

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் எங்கள் தரைவீட்டுக் கூடத்தில் தாத்தாவின் படம் மாட்டி 44 ஆண்டுகள் ஆகின்றன. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துப் பொட்டு வைப்பார். எத்தனை முறை துடைத்தாலும் போகாத ஒன்று அந்தக் கண்ணாடிக்குள் இருக்கிறது.

பினாங்குத் தீவின் மலைகள் கருங்கல் மலைகள். தைப்பூசத்துக்கு நாம் ஏறும் தண்ணீர்மலையும் அப்படித்தான். கருங்கல்லில் துளி யுரேனியம் இருக்கும். அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகும். ரேடியத்திலிருந்து ரேடான் பிறக்கும். வாயு ஆயிற்றே, மண் இடுக்கிலும் தரை விரிசலிலும் நுழைந்து வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதன் அரை ஆயுள், அதாவது அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், 3.8 நாள். எதோடும் ஒட்டாது. மூச்சில் உள்ளே போனாலும் பெரும்பாலும் அப்படியே திரும்பிவிடும்.

ஒட்டுவது அதன் பிள்ளைகள்தாம். ரேடான் அணு சிதையும்போது ஆல்பா எனும் வேகமான சிறு துகளை வீசிப் பொலோனியம்-218 ஆகிறது. இது உலோகம், பிறக்கும்போதே பெரும்பாலும் நேர்மின்னூட்டத்தோடு இருக்கும். காற்றிலுள்ள நீர் மூலக்கூறுகள் சட்டென்று அதைச் சூழ்ந்துகொள்ள, ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் அளவுள்ள திரளாகி அலைகிறது. சுவரோ அலமாரியோ, எதில் மோதினாலும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

சாம்பிராணி போட்டால் கதை மாறுகிறது. புகைத்துகள்கள் அந்தத் திரள்களை முதலில் பிடித்துக்கொள்கின்றன. நூறு மடங்கு பெரிய துகளில் ஏறிய அணு மெதுவாகத்தான் நகரும். சுவரைச் சேராமல் காற்றிலேயே மிதக்கும். காற்றாடியைச் சுழல விட்டால் இதற்கு நேர்மாறு: நிறைய அணுக்கள் சுவரிலும் இறக்கையிலும் படிந்துவிடும். சுவரில் படிந்தது நுரையீரலுக்குப் போகாது. மூச்சுக்குழாயில் படிந்து அங்கேயே ஆல்பா வீசுவதுதான் புற்றுநோய்க்கு வழிவகுக்கிறது. அதனால்தான் ஜன்னலைத் திறந்து வைப்பதை நான் வலியுறுத்துகிறேன். ஏர்கோன் போட்டு நாள் முழுக்கப் பூட்டிய அறையில் ரேடான் சேர்ந்துகொண்டே போகும்.

இந்தப் பிள்ளைகள் படிவதை நேரில் அறிய ஆசையா? பலூனைத் தலைமுடியில் தேய்த்து, மூடிய அறையில் அரை மணி நேரம் தொங்கவிடுங்கள். அப்புறம் கதிரியக்கத்தை ஒலியால் காட்டும் கைகர் கருவியை அதன் பக்கம் கொண்டு போனால் டிக் டிக் என்ற ஒலி கூடும். பொலோனியம் சிதைந்து உண்டாகி ஒட்டியிருக்கும் ஈயம்-214க்கு அரை ஆயுள் 27 நிமிடம், அதிலிருந்து வரும் பிஸ்மத்-214க்கு 20 நிமிடம். சில மணி நேரத்தில் ஒலி அடங்கிவிடும்.

சரி, கண்ணாடிக்கு வருவோம். அதில் ஒட்டிய பொலோனியம் ஆல்பா துகளை வெளிப்பக்கம் வீசும்போது, துப்பாக்கி பின்னுக்கு உதைப்பதுபோல் மிச்சமுள்ள அணு கண்ணாடிக்குள் பாய்கிறது. தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆழமில்லை, ஆனாலும் துணிக்கு எட்டாது. இப்படிப் புதைந்தவை கடைசியில் ஈயம்-210 ஆகின்றன. அதன் அரை ஆயுள் சுமார் 22 ஆண்டு. அதிலிருந்து உண்டாகும் பொலோனியம்-210 வீசும் ஆல்பாக்களை எண்ணி, அந்த வீட்டில் பல ஆண்டுகளாக ரேடான் எவ்வளவு இருந்தது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

தாத்தா படம் மாட்டிய முதல் ஆண்டில் புதைந்த ஈயத்தில் கால்வாசி இன்னும் அந்தக் கண்ணாடிக்குள்தான் இருக்கிறது.