முயல் முடி தொப்பியாவது எப்படி?

நெய்யாமல், தைக்காமல், விலங்கு முடியை அழுத்தியே செய்த ஃபெல்ட் தொப்பி பிய்ந்துபோகாமல் இருப்பது எப்படி என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எல்லாம் முடியின் செதில் செய்யும் வேலை.

விலங்கு முடியை நுண்ணோக்கியில் பார்த்தால் ஓடு வேய்ந்த கூரை மாதிரி இருக்கும். கெரட்டின் என்ற புரதத்தாலான செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நுனியைப் பார்த்து அடுக்கியிருக்கும். அதனால் முடி வேர்ப்பக்கமாக எளிதில் நகரும், நுனிப்பக்கமாக நகராது. புல்கதிரை உள்ளங்கையில் வைத்து மூடி மூடித் திறந்தால் ஒரே திசையில் ஊர்ந்துபோகுமே, அப்படித்தான். அமிலம் கலந்த வெந்நீரில் நனைத்து அழுத்தி உருட்டினால் ஒவ்வோர் இழையும் வேர் முன்னே செல்லப் பக்கத்து இழைகளுக்குள் நுழையும். திரும்பி வர முடியாது. உருட்ட உருட்டச் சிக்கு இறுகும். ஃபெல்ட்டைக் கத்தரித்தாலும் ஓரம் பிரியாதது இதனால்தான். எவ்வளவு அழகான ஏற்பாடு!

இதற்குப் பேர்போனது பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் குட்டையான அடிமுடி. மேலே உள்ள முரட்டு முடி கலந்தால் துருத்திக்கொண்டு நிற்கும். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் போர்த்திப் பழசான தோலில் முரட்டு முடி ஏற்கெனவே உதிர்ந்திருக்கும் என்பதால் தொப்பிக்காரர்கள் அதைத் தேடி வாங்கினார்கள்.

பஞ்சு கொட்டுவதைப் போல, சுமார் 7 அடி வில்லின் நரம்பைச் சுண்டி முடியைப் பறக்கவிட்டுப் படியவைப்பார்கள். அப்படிப் படிந்த இரண்டு மெத்தைகளை ஓரம் சேர்த்தால் கூம்பு. உள்ளே துணி வைக்காவிட்டால் இரு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். மடிப்பை மாற்றி மாற்றி உருட்டாவிட்டால் மடித்த இடம் தழும்பாகும். கூம்பு ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிய பிறகு மர அச்சில் ஏற்றி, அரக்குக் கரைசல் ஊட்டி விறைப்பாக்குவார்கள்.

பீவர் அருகிப்போனதும் முயல் முடிக்கு மாறினார்கள். அது தானாக எளிதில் இறுகாது. பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, தோலில் இருக்கும்போதே முடிமேல் தேய்த்துக் காயவைத்தார்கள். கெரட்டினின் கந்தகப் பிணைப்புகள் அறுபட்டு முடி வளைந்துகொடுக்கும். நுனி காரட் நிறமாவதால் இந்த வேலைக்குக் 'காரட்டிங்' என்றே பெயர். கரைசல் குறைந்தால் முடி இறுகாது, மிஞ்சினால் நொறுங்கும்.

பின்னால் வந்த சூடான வேலைகள் ஒவ்வொன்றிலும் பாதரச ஆவி கிளம்பியது. கை நடுங்கி, மனம் கலங்கி, தொழிலாளர்கள் முடங்கினார்கள். தொப்பித் தொழிலுக்குப் பேர்போன அமெரிக்க ஊரான டான்பரியில் இதற்கு 'டான்பரி நடுக்கம்' என்றே பெயர். நியூ ஜெர்சி மருத்துவர் ஒருவர் 1860இல் இந்நோயை விவரித்து எழுதினார். அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசம் நின்றது 1941 டிசம்பரில். இடையில் போன 81 ஆண்டுகளை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டும் அதே வேலையைச் செய்யலாம்.

பழைய தொப்பிகள் பலவற்றில் அந்தப் பாதரசம் இன்னும் இருக்கிறது. அருங்காட்சியகங்களில் கையுறை இல்லாமல் அவற்றைத் தொடக்கூடாது.