மதிப்பீடு: ஒரு சொல், நான்கு வேலைகள்

‘ரூ.5 கோடி மதிப்பீட்டில் ஆரம்ப சுகாதார நிலையக் கட்டடம்’ என்பது போன்ற வரியைச் செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். அங்கே மதிப்பீடு என்பது அடித்தளம் தோண்டுவதற்கு முன்பே பொறியாளர் போட்டுக் கொடுத்த செலவுக் கணக்கு. அந்தக் கட்டடம் எழுந்து, அதில் காணொளி வழியாகச் சிறப்பு மருத்துவரைக் காணும் வசதியும் வந்தபின், அவ்வசதியால் ஊராரின் உடல்நலத்தில் ஏதேனும் மாறியதா என்று ஆராய்ந்து எழுதும் அறிக்கைக்கும் மதிப்பீடு என்றே பெயர். விடைத்தாளை மீண்டும் திருத்தச் சொல்லி மாணவர் பணம் கட்டினால் அது மறுமதிப்பீடு. அரசின் செலவுத் திட்டங்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள் ஆராயும் குழு மதிப்பீட்டுக் குழு. ஆங்கிலத்தில் எஸ்டிமேட், வேல்யுவேஷன், அசெஸ்மென்ட், இவால்யுவேஷன் என்று நான்காகப் பிரிந்து கிடக்கும் வேலைகளைத் தமிழில் ஒரே சொல் சுமக்கிறது. கட்டடத்தைப் பொறுத்தவரை இதனால் பெரிய கேடு எதுவும் இல்லை. செயலி, இணையதளம், தொலைபேசி வழியாக நடக்கும் மருத்துவச் சேவைகளைப் பற்றி எழுதும்போதுதான், முன்கூட்டிப் போட்ட கணக்கையும் பின்னால் கண்டறிந்த உண்மையையும் ஒரே பெயரால் அழைப்பது வாசகரைத் தடுமாற வைக்கிறது.

சொல்லின் அமைப்பை முதலில் பார்க்கலாம். மதித்தல் என்ற வினைக்கு அளவறிந்து கணித்தல் என்றும், பொருட்படுத்திப் போற்றுதல் என்றும் இரண்டு பொருள்கள் உண்டு. ‘மதியாதார் தலைவாசல் மிதியாதே’ என்னும்போது இரண்டாவது பொருள் நிற்கிறது. ‘நிலத்தை ஏக்கருக்கு இவ்வளவு என்று மதித்தார்கள்’ என்னும்போது முதலாவது நிற்கிறது. மதிப்பு என்ற பெயர்ச்சொல்லோடு இடு என்ற வினை சேர்ந்து மதிப்பிடு ஆகிறது. இடு என்பதன் முதல் எழுத்து நீண்டால் ஈடு. கெடு கேடாவதும் சுடு சூடாவதும் பெறு பேறாவதும் போல, இலக்கணத்தார் இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர். முதலீடு, காப்பீடு, குறியீடு, ஒதுக்கீடு எல்லாம் இந்த அச்சில் வார்த்தவையே. இடுதல் என்றால் வைத்தல், போடுதல். எனவே மதிப்பீடு என்பது ஒரு பொருளின்மேல் மதிப்பை வைத்தல் ஆகும். வைப்பதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதை இந்தச் சொல் மறைப்பதில்லை. யார் இட்டார், எதை அளவுகோலாகக் கொண்டு இட்டார் என்ற கேள்விகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. எண்கள் தாமே பேசும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த ‘ஈடு’ ஒரு நல்ல மறுப்பு.

ஆங்கிலச் சொல்லின் வழி வேறு. இவால்யுவேஷன் பிரெஞ்சு மொழியின் எவாலுவே என்ற வினையிலிருந்து வந்தது. அதன் அடியில் இருப்பது வலேரே என்ற இலத்தீன் வினை. வலேரே என்றால் வலுவாக இருத்தல், உடல்நலத்தோடு இருத்தல். உரோமானியர் கடிதத்தின் இறுதியில் ‘வாலே’ என்று எழுதுவார்கள். நம்மவர் ‘நலமாக இருக்க’ என்று எழுதுவது போன்றது அது. உரோமப் படைமுகாம்களில் இருந்த மருத்துவமனைக்கு வாலெடூடினாரியம் என்று பெயர். மருத்துவச் சேவையை மதிப்பிடுவது என்பது, சொல்வழியில் பார்த்தால், உடல்நலத்தைக் குறித்த ஒரு சொல் பணத்தின் பக்கம் வெகுதூரம் போய்விட்டு மீண்டும் உடல்நலத்திடம் திரும்பி வருவதாகும். நம் சொல் உடலிலிருந்து பிறக்கவில்லை; ஆனால் மதிப்பதில் இருக்கும் மரியாதை அதனிடம் உண்டு, இலத்தீன் வழிச் சொல்லில் அது தேய்ந்துவிட்டது.

டிஜிட்டல் என்பதைத் தமிழ்நாட்டில் எண்ம என்றும் மின்னணு என்றும், இலங்கையில் இலக்கமுறை என்றும், சிங்கப்பூரில் மின்னிலக்க என்றும் எழுதுகிறார்கள். எதை எடுத்தாலும் பொருள் விளங்கும் என்பதால் அதில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை.

நிற்க வேண்டிய இடம் கண்காணிப்புக்கும் மதிப்பீட்டுக்கும் இடையிலுள்ள எல்லை. தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களைப் பதிவு செய்யும் பிக்மி இணையதளத்தின் ஆங்கிலப் பெயரை விரித்தால், கருவுற்றோரையும் சிசுக்களையும் தொகுதியாகக் கண்காணித்து மதிப்பிடுதல் என்று வரும். கிராம சுகாதாரச் செவிலியர் பதிவு செய்து பெற்றுத் தரும் 12 இலக்க எண் பிரசவம் வரை அந்தப் பெண்ணோடு வருகிறது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்கிறார்கள். எத்தனாவது மாதத்தில் பதிந்தார், இரத்தச்சோகை உண்டா, எத்தனை முறை பரிசோதனைக்கு வந்தார் என்பவை தொடர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும். இவ்வளவும் கண்காணிப்பு. இந்தப் பதிவுமுறை இருந்ததனால்தான் இரத்தச்சோகை முன்னதாகக் கண்டறியப்பட்டதா, நோட்டுப்புத்தகத்தில் எழுதிய காலத்திலும் அதே செவிலியர் அதையே கண்டுபிடித்திருப்பாரா என்று கேட்கத் தொடங்கும்போதுதான் மதிப்பீடு தொடங்குகிறது. எண்மச் சுகாதாரத் திட்டங்களைக் கண்காணிப்பதற்கும் மதிப்பிடுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டியும் இவ்விரண்டையும் தனித்தனியாகவே வைக்கிறது: முன்னது திட்டம் நினைத்தபடி நடக்கிறதா என்று இடைவிடாது பார்ப்பது, பின்னது நேர்ந்த மாற்றம் அந்தத் திட்டத்தால்தான் நேர்ந்ததா என்று நிறுவ முயல்வது.

அடுத்த சிக்கல் பயன் என்ற சொல்லால் வருகிறது. பயன் என்றால் கிடைத்த நன்மை; பயன்பாடு என்றால் எடுத்துக் கையாளுதல். ஆங்கிலத்தில் தொடர்பில்லாத இரு சொற்களால் குறிக்கப்படும் இவை தமிழில் ஒரே வேரில் கிளைத்திருப்பதால், பயன்பாட்டை எண்ணினாலே பயனை எண்ணிவிட்டதாக ஒரு மயக்கம் தோன்றுகிறது. பயனாளி என்ற சொல் இன்னும் ஒரு படி மேலே போகிறது: பெயரைப் பதிவு செய்தவுடனேயே ஒருவர் பயனாளி ஆகிவிடுகிறார், பயன் வந்து சேர்வதற்கு முன்பே. ‘முகாமில் 500 பேர் பயனடைந்தனர்’ என்ற செய்திக்கு உண்மைப் பொருள் 500 பேர் வந்தனர் என்பதுதான். இந்திய அரசின் இ-சஞ்சீவனி என்ற தொலைமருத்துவச் சேவை 2019இல் தொடங்கியது. ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில், வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேசும் வசதி அதில் சேர்ந்தது. 2023 பிப்ரவரியில் அதன் கலந்தாலோசனைகள் 10 கோடியைத் தாண்டின. பெரிய எண்தான், பேருந்து ஓடாத நாட்களில் சர்க்கரை நோயாளிக்கு மருந்துச்சீட்டு கிடைத்தது சிறிய செய்தி அன்று. ஆயினும் 10 கோடி என்பது பயன்பாட்டின் எண். அந்தச் சீட்டைக் கொண்டு மருந்து வாங்கினார்களா, அதே நோய்க்கு மறுநாள் நேரில் போக வேண்டியிருந்ததா என்பவற்றை அந்த எண்ணிடம் கேட்டுப் பயனில்லை. தகவல் அமைப்புகளின் வெற்றியை ஆராய்வோர் பெரிதும் எடுத்தாளும் டிலோன், மெக்லீன் ஆகியோரின் 1992ஆம் ஆண்டுச் சட்டகமும், 2003இல் அவர்களே திருத்தியமைத்த வடிவமும், பயன்பாட்டை ஒரு பெட்டியிலும் அதனால் விளைந்த நன்மையை வேறொரு பெட்டியிலும் வைத்தன. தமிழில் எழுதும்போது அந்தப் பெட்டிகளை நாம்தான் மெனக்கெட்டுப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

மதிப்பை இடுபவர் மாறினால் மதிப்பு எப்படி மாறும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. ஹோல் சிஸ்டம் டெமான்ஸ்ட்ரேட்டர் என்று பெயரிட்ட அத்திட்டம் 2008இல் கார்ன்வால், கென்ட், நியூஹாம் ஆகிய மூன்று பகுதிகளில் தொடங்கியது. நீரிழிவு, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு, இதயச் செயலிழப்பு உடையவர்கள் வீட்டிலேயே இரத்த அழுத்தம், சர்க்கரை, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைத் தாமே பார்த்துக் கருவி வழியாக அனுப்புவார்கள். தொலைவில் இருக்கும் செவிலியர் அதைப் பார்ப்பார். 179 மருத்துவர் நிலையங்களைச் சேர்ந்த 3,230 நோயாளிகள் இதில் இருந்தனர். எந்த நிலையத்தாருக்குக் கருவி, எந்த நிலையத்தாருக்கு வழக்கமான கவனிப்பு என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. ஓராண்டில் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 8.3 விழுக்காட்டினரும், கருவி பெற்றவர்களில் 4.6 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். அரசு 2011 டிசம்பரிலேயே இறப்பு 45 விழுக்காடு குறைந்தது என்று அறிவித்துவிட்டது. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வுக்கட்டுரை மருத்துவமனைச் சேர்க்கையும் குறைந்திருப்பதைக் காட்டியது; ஆனால் சோதனையின் தொடக்கத்தில் மற்றக் குழுவின் சேர்க்கை கூடியதும் அந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எச்சரித்திருந்தனர். 2013இல் வெளிவந்த இரண்டு கட்டுரைகள் வேறு விடைகளைத் தந்தன. நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்திலோ மனநிலையிலோ கருவியால் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றது ஒன்று. முழுநலத்தோடு வாழும் ஓர் ஆண்டைக் கூடுதலாகப் பெறுவதற்கு ஆகும் செலவு சுமார் 92,000 பவுண்டு என்றது மற்றொன்று. அப்போது அந்நாட்டில் ஏற்கத்தக்கதாகக் கருதப்பட்ட வரம்போ 20,000 முதல் 30,000 பவுண்டு வரைதான்.

ஒரே திட்டம், ஒரே நோயாளிகள். உயிரை அளந்தவருக்கு அது பெருவெற்றி. வாழ்வை அளந்தவருக்கு ஒன்றுமில்லை. பணப்பையை அளந்தவருக்கு நட்டம். மூன்றும் முறையான மதிப்பீடுகளே. தலைப்புச் செய்தி முந்திக்கொண்டதுதான் பிழை.

இனி, தமிழில் எந்தச் சொல்லை எதற்கு வைப்பது? புதிய சொல் படைக்க ஓடுவதற்கு முன் ஈழத்துப் பாடநூல்களைப் புரட்டுவது நல்லது. இலங்கைக் கல்வித்துறையில் அசெஸ்மென்ட் என்பது கணிப்பீடு, இவால்யுவேஷன் என்பது மதிப்பீடு. ‘பாடசாலை மட்டக் கணிப்பீடு’ என்பது அங்கே ஆசிரியர் எல்லாரும் புழங்கும் தொடர். தமிழ்நாட்டு வாசகருக்குக் கணிப்பு என்றதும் தேர்தல் கருத்துக்கணிப்பும் சோதிடமும் நினைவுக்கு வரலாம். ஆனால் கணித்தல் என்பதன் அடிப்பொருள் எண்ணி அறிதல்தான், கணியனும் கணினியும் அந்த வழியில் வந்தவர்களே. ஒரு செயலி எத்தனை நொடியில் திறக்கிறது, எத்தனை பேர் பாதியில் விட்டுப் போகிறார்கள் என்று அளந்து சொல்வதைக் கணிப்பீடு என்று சொல்லிவிட்டு, அது வைத்துக்கொள்ளத் தகுந்ததா என்ற தீர்ப்பை மதிப்பீடு என்று சொன்னால் பாதி மயக்கம் தீரும். தொடங்குமுன் போடும் கணக்குக்கு உத்தேசச் செலவு என்ற பழைய அலுவலகத் தொடரே போதும். இலங்கையிலிருந்தே கடன் வாங்க வேண்டிய இன்னோர் இணை, வினைத்திறனும் விளைதிறனும். குறைந்த நேரத்திலும் செலவிலும் வேலையை முடிப்பது வினைத்திறன். முடித்த வேலை எதிர்பார்த்த பலனைத் தருவது விளைதிறன். சிறிய எழுத்து மாற்றத்தில் இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காட்டும் இணையை விட்டுவிட்டு, தமிழ்நாட்டில் இரண்டுக்கும் செயல்திறன் என்று எழுதிக்கொண்டிருப்பது எனக்கு உடன்பாடில்லை. மூன்று நிமிடத்தில் நோயாளியை அனுப்பிவிடும் காணொளி மருத்துவர் வினைத்திறன் மிக்கவர். அவருடைய விளைதிறனை அந்த நோயாளியின் அடுத்த மாத இரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

வெற்றி என்ற சொல்லும் இந்தத் துறைக்கு முழுதும் பொருந்துவதில்லை. அது வெல் என்ற வினையிலிருந்து வருவதால் எதிரே தோற்பவர் ஒருவரை எதிர்பார்க்கிறது. சேவைக்கு ஏற்றது வாய்த்தல் என்ற வினை. ‘வாய்ப்பச் செயல்’ என்று மருத்துவனுக்குக் குறள் சொன்னது பிழையாமல் பலிக்கும்படி செய்வதையே. மக்கள் வழக்கிலோ இதைவிடக் கூரிய சொல் ஒன்று உண்டு. பலமுறை கொடுத்துப் பார்த்துப் பலித்த மருந்தைக் கைகண்ட மருந்து என்கிறார்கள். டிஜிட்டல் என்பதன் மூலமான இலத்தீன் டிஜிட்டஸ் விரலைக் குறிப்பது என்பதை எண்ணினால், கைகண்ட என்ற அடைமொழி இந்தச் சேவைகளுக்குத் தற்செயலாகவே பொருந்திப் போகிறது; ஆனால் அதைப் பெறச் சேவை தொடங்கிய நாளின் செய்திக்குறிப்பு போதாது.

எழுதும்போது எப்படி வரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ‘செயலியின் மதிப்பீட்டில் 2,000 பயனாளிகள் பயனடைந்தது தெரியவந்தது’ என்ற வாக்கியம் வந்தால், அதை நான் இப்படித் திருத்துவேன்: ‘செயலியில் 2,000 பேர் பதிவு செய்தனர் என்று கண்காணிப்புப் பதிவுகள் காட்டுகின்றன, அவர்களின் இரத்த அழுத்தம் குறைந்ததா, செயலி இல்லாதவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்ததா என்ற மதிப்பீடு இன்னும் நடைபெறவில்லை.’