சர்வேன்னா தலை எண்றதாங்க?

நட்சத்திரக் கூட்டமான கேலக்ஸிங்க வானத்துல எங்கெங்க, எவ்வளவு தூரத்துல இருக்குதுன்னு பாக்கற வேலைக்குக் கேலக்ஸி சர்வேன்னு பேரு. அதுக்குத் தப்பான தமிழை மூணாவது வாட்டியாக் கேட்டுட்டேன், இனி பொறுக்க முடியாதுங்க. பங்காளி ஒருத்தன் அறிவியல் சேனல் வெச்சிருக்கான், நல்லாத்தான் பேசுவான், போன வாரம் போட்ட வீடியோவுக்குத் தலைப்பு "விண்மீன் மண்டலக் கணக்கெடுப்பு சொல்லும் ஆரம்பகாலப் பிரபஞ்சம்". இதுக்கு முந்தி ஒரு செய்தித் தளத்துல இதே கேலக்ஸி சர்வேக்கு "கருத்துக்கணிப்பு"ன்னே போட்டிருந்தாங்க. கேலக்ஸிகிட்டப் போயி ஓட்டு யாருக்குன்னு கேட்டாங்களாட்ட இருக்குது. அது மெஷின் பண்ணுன வேலை, சிரிச்சுட்டு விட்டுட்டேன். ஆனா கணக்கெடுப்புங்கறது மனுசன் யோசிச்சுப் போட்ட சொல்லு. பாத்தா தப்புன்னே தெரியாது, அதுதான் ரோதனை.

சொல்லோட பொறப்பைச் சட்டுனு முடிச்சிருவோம். கேலக்ஸி கிரேக்கத்துல பாலைக் குறிக்கற 'கலா'வுல இருந்து வந்தது, நம்ம பால்வீதியும் அதே ரோசனைதான். சர்வே லத்தீன் வேர்ல இருந்து பிரெஞ்சு வழியா இங்கிலீசுக்கு வந்துச்சு, 'சூப்பர்'னா மேல, 'விதேரே'ன்னா பாக்கறது, ஆக மேல இருந்து பூராவும் பாக்கறது. எண்ணறதுங்கற பேச்சே வேர்ல இல்லீங்க.

கேலக்ஸிக்கு மண்டலம் போடறதும் எனக்குப் புடிக்காது. கொங்கு மண்டலம், சூரிய மண்டலம், மின்வாரியத்துல மண்டலம், ஒரு சொல்லு எத்தனை சுமையத்தான் தூக்கும்? உடுத்திரள்னு ஒரு சொல் இருக்குது, உடுன்னா நட்சத்திரம், பழைய நல்ல தமிழ், ஆனா எங்கூர்ல சொன்னா "எதைங்க உடறது?"ம்பாங்க. அதனால நான் விண்மீன் திரள்னு சொல்லிக்கறேன், அவசரத்துக்குக் கேலக்ஸின்னே சொன்னாலும் குத்தமில்லை.

சரி, சர்வேக்கு வாங்க. பங்காளிகிட்டப் போன்ல கேட்டேன். "கணக்கெடுப்புன்னா எல்லாருக்கும் புரியும்டா"ன்னான். என்னடா புரியும்? டீச்சர் நோட்டைத் தூக்கிட்டு வீடு வீடா வந்து எத்தனை பேருன்னு எழுதிட்டுப் போறது கணக்கெடுப்பு. டாப்சிலிப் பக்கம் காட்டுக்குள்ள யானை எத்தனைன்னு பாக்கறது கணக்கெடுப்பு. முடிவுல ஒரு நம்பர் வரும், அவ்வளவுதான். கேலக்ஸி சர்வேல அந்த நம்பரை வெச்சுட்டு நாக்கு வழிக்கவா?

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பை நெனைச்சுக்கங்க. உள்ள போயி எண்ணுனா நானூறு மரம்னு தெரியும், தேங்கா வேவாரிக்கு அது போதும். ஆனா மரத்துக்கும் மரத்துக்கும் டேப்பு புடிச்சுப் பாருங்க, 25 அடி, 25 அடி, நடுவுல ஒண்ணு ரெண்டு காத்துல சாஞ்சு காணாமப் போயிருக்கும், ஒண்ணு தானா மொளைச்சு வரிசை தப்பி நிக்கும், இருந்தாலும் திரும்பத் திரும்ப 25 வரும். அப்பத்தான் ஓ, அப்பாரு கயிறு புடிச்சு நட்டிருக்காருன்னு தெரியும். நட்ட அன்னைக்கு நாம பொறக்கவே இல்லை, ஆனா நட்ட கை இன்னைக்குத் தெரியுது.

கேலக்ஸி சர்வேல இளம் அண்டத்தைப் பாக்கறது இதேதானுங்க. அண்டம் பொறந்த புதுசுல எல்லாம் கொதிக்கற கொழம்பாட்ட இருந்துச்சு, அதுக்குள்ள ஒலி அலை ஓடுச்சு. சுமார் 3,80,000 வருசத்துல சூடு தணிஞ்சு ஒளி தனியாப் பிரிஞ்சதும் அலை அப்படியே நின்னு போச்சு. நின்ன எடத்துல பொருள் சித்தெ கூடுதலாத் தங்குச்சு, பின்னால அங்க கேலக்ஸியும் சித்தெ கூடுதலா மொளைச்சுது. அலை கெளம்புன எடத்துக்கும் நின்ன எடத்துக்கும் இருந்த அந்த எடைவெளி அண்டத்தோட சேந்து விரிஞ்சு இன்னைக்குக் கிட்டத்தட்ட 50 கோடி ஒளியாண்டு. 2005ல ஸ்லோன்ங்கற அமெரிக்கக் கேலக்ஸி சர்வேக்காரங்க 46,748 கேலக்ஸிய வெச்சு இதைக் கண்டாங்க, ஆஸ்திரேலியாவுல நடந்த இன்னொரு சர்வேலயும் அதே வருசம் தெரிஞ்சுது. 46,748ங்கறது எந்த ரகசியத்தையும் சொல்லலை பாருங்க, எடைவெளிதான் சொல்லுச்சு. எண்ணறதே இல்லைன்னு நான் சாதிக்கலை, எண்ணுவாங்க, ஆனா இந்தத் தூரத்துல எத்தனை ஜோடி, அந்தத் தூரத்துல எத்தனை ஜோடின்னு எண்ணுவாங்க, அதுக்கு முதல்ல தூரம் அளந்தாகணும். ஸ்லோன்ல அலுமினியத் தட்டுல கேலக்ஸி இருக்கற எடமாப் பாத்து ஓட்டை போட்டு, தட்டுக்கு 640 ஒளியிழையைக் கையாலயே சொருகி, ஒவ்வொண்ணோட ஒளியையும் பிரிச்சு, அது செவப்புப் பக்கம் எவ்வளவு நகந்திருக்குதுன்னு, அதாவது செம்பெயர்ச்சி எவ்வளவுன்னு பாத்துத் தூரம் கண்டுபுடிச்சாங்க. இப்ப அமெரிக்காவுல அரிசோனாவுல டெசின்னு இன்னொரு கேலக்ஸி சர்வே, அதுல குட்டி குட்டி ரோபோவே 5000 இழையை நகத்தி வெச்சுக்குது. சும்மா தலை எண்றதுக்கு இந்தப் பாடு எதுக்குங்க?

அதனால சொல்லு அளவை. விண்மீன் திரள் அளவை. புதுசா ஒண்ணும் செய்ய வேண்டியதில்லை, சர்க்காரே நில அளவை மற்றும் நிலவரித் திட்டத் துறைன்னு போர்டு மாட்டி வெச்சிருக்குது. லாம்டன்ங்கற வெள்ளைக்காரரு 1802ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச, நிலத்தை முக்கோணம் முக்கோணமாப் பிரிச்சு அளக்கற முக்கோண அளவை கோயமுத்தூர்ச் சீமைக்கும் வந்துச்சு, அவரு கணக்குல 'புட்சபொல்லியம்'னு எழுதியிருக்கற எடம் இங்கதான். அளவைன்னா எங்களுக்கு அன்னியமில்லீங்க.

நான் பள்ளிக்கூடம் போற வயசுல அய்யனுக்கும் பெரியப்பனுக்கும் பொழித் தகராறு, காட்டு எல்லை எதுன்னு. ரெண்டு கல்லு இருக்குது, மூணாவதைக் காணோம், ஆளுக்கொரு எடத்தைக் காட்டறாங்க. சர்வேயர் புலப்படத்தை விரிச்சு, இருக்கற கல்லுல இருந்து சங்கிலி புடிச்சு, ஒரு வேலமரத்தடியில குச்சி குத்தி இங்க தோண்டுன்னாரு. முக்கால் அடி தோண்டுனதும் கடப்பாரை டங்குன்னு கல்லுல பட்டுது. பெரியப்பன் வாயே திறக்கலை. அந்த 50 கோடி ஒளியாண்டுதான் வானத்து ஆளுங்க கையில இருக்கற சங்கிலி, அதுக்குக் கணக்கெடுப்புன்னு பேரு வெச்சா அந்த சர்வேயரை சென்சஸ் டீச்சர்ங்கற மாதிரி.

அளவைன்னா தர்க்கமாச்சே, அளவையியல்னு இருக்குதேன்னு ஒரு புலவர் கேட்டாரு. இருக்கட்டுமுங்க, அங்கயும் எதை வெச்சு எதை அறியறதுங்கறதுதான் பேச்சு. இதுல "ஆரம்பகால" வேற. ஆரம்ப சுகாதார நிலையமாட்ட ஆரம்பகாலப் பிரபஞ்சம்! இளம் அண்டம்னா வாய் வலிக்குதா? மொழிபெயர்க்கறவங்க அகராதியில மொத வரியில என்ன இருக்குதோ அதை எடுத்து ஒட்டிட்டுப் போயிடறாங்க, வேலை என்ன நடக்குதுன்னு ஒரு நிமிசம் பாக்கறதில்லை. அதுக்குச் சர்வேன்னே விட்டிருந்தாக்கூட எங்கூர்ல பால் ஊத்தற அம்மாவுக்கும் புரிஞ்சிருக்கும், சர்வே நம்பர் தெரியாத பட்டா உண்டா?

இதையெல்லாம் பங்காளிகிட்ட ஒரு மணி நேரம் சொன்னேன். சரிடா மாத்திடறேன்னான். மறுநாள் பாத்தா தலைப்பு மாறியிருக்குது: "விண்மீன் மண்டல நில அளவை". கேட்டா, "நீதானடா நில அளவைத் துறைன்னு சொன்னே"ங்கறான்.